ஐம்பது வருடக் காத்திருப்பை வெட்டி எறிந்த படம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ‘கேப்டன் கொரெல்லிஸ் மேண்டலின்’ படத்தைப் போட்டேன். 2001இல் வந்த படம். எனக்கு இது மூன்றாவது தடவை. இன்றைக்காவது பிடித்துவிடாதா என்ற ஆசையில்தான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கிறேன். இந்தத் தடவையும் பிடிக்கவில்லை. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்ல இத்தனை வருடம் எனக்குக் கிடைக்காத வார்த்தை, அம்மா வாயிலிருந்து வந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாவலை நான் படித்தது பாளையங்கோட்டையில் எம்.ஏ. படித்தபோது. லூயி டி பெர்னியர் எழுதி 1994இல் வெளிவந்தது. சேரன்மகாதேவியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போகும்போது ஓர் அத்தியாயம், வரும்போது ஓர் அத்தியாயம். கார்லோ என்ற இத்தாலிய வீரன் சாகும் பக்கங்களைப் படித்த சாயங்காலம் பத்தமடை போனது தெரியவில்லை, எங்கள் ஊர் போனதும் தெரியவில்லை. வீரவநல்லூரில் இறங்கி, எதிர்ப்பக்கம் வரும் பஸ்ஸுக்காக நின்றபோதும் அழுகை நிற்கவில்லை.

கதை கிரேக்க நாட்டின் செஃபலோனியா தீவில் நடக்கிறது. 1941இல் இத்தாலியப் படை அந்தத் தீவைப் பிடிக்கிறது. ஊர் மருத்துவர் இயானிஸின் வீட்டில் ஓர் இத்தாலிய அதிகாரியைத் தங்கவைக்கிறார்கள். அவன்தான் கொரெல்லி. துப்பாக்கியைவிட மேண்டலின்மேல் பிரியம் அதிகம் உள்ளவன். அந்த மேண்டலினுக்கு அந்தோனியா என்று பெயர்கூட வைத்திருக்கிறான். மருத்துவரின் மகள் பெலாகியாவுக்கோ மண்ட்ராஸ் என்ற மீனவனோடு ஏற்கெனவே நிச்சயம் ஆகியிருக்கிறது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த எதிரியை அவள் வெறுக்கிறாள். அந்த வெறுப்பு எப்படிக் கரைகிறது என்பதைச் சொல்ல நாவல் அவசரப்படுவதே இல்லை.

1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி நேசநாடுகளிடம் சரணடைந்த செய்தி வருகிறது. நேற்று வரை கூட்டாளியாக இருந்த ஜெர்மன் படை, ஆயுதத்தைக் கொடு என்கிறது. தீவிலிருந்த ஆக்வி என்ற இத்தாலியப் படைப்பிரிவு மறுத்துச் சண்டை போட்டது. தோற்றுச் சரணடைந்த பிறகும் அந்த வீரர்களை ஆயிரக்கணக்கில் நிற்கவைத்துச் சுட்டார்கள். அவர்களுடைய தளபதி காண்டினைச் செப்டம்பர் 24 அன்று சுட்டார்கள். இது கற்பனை இல்லை, நடந்தது. 1953 ஆகஸ்டில் வந்த நிலநடுக்கம் தீவிலிருந்த வீடுகளில் பெரும்பாலானவற்றைத் தரையோடு தரையாக்கியதும் நடந்தது. படப்பிடிப்பை அந்தத் தீவிலேயே நடத்தினாலும், பழைய ஊர் மிச்சமில்லாததால் சாமி என்ற துறைமுகத்தில் செட் போட்டுத்தான் எடுத்தார்கள்.

படத்தில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜான் டோலின் ஒளிப்பதிவில் அந்தக் கடலும் வெயிலும் கண்ணை விட்டுப் போகாது. மருத்துவராக வரும் ஜான் ஹர்ட் வாயைத் திறந்தாலே நாவலின் வாசம் வருகிறது. மற்றதெல்லாம் வெறும் அழகு. கொரெல்லியாக வரும் நிக்கோலஸ் கேஜ் ஒரு மாதிரி இழுத்துப் பேசுகிறார், பெலாகியாவாக வரும் பெனலோப் குரூஸ் வேறு மாதிரி, மண்ட்ராஸாக வரும் கிறிஸ்டியன் பேல் இன்னொரு மாதிரி. கொரெல்லியாவது வெளியூர்க்காரன்; பெலாகியாவும் மண்ட்ராஸும் பேசுவதுகூட ஒரே தீவில் வளர்ந்தவர்களின் பேச்சாக இல்லை. நம் ஊர்க் கதை என்று சொல்லி எல்லார் வாயிலும் ‘ஏலே’ திணித்த படங்களைப் பார்த்து நமக்கு வலித்திருக்கிறதே, செஃபலோனியாக்காரர்களுக்கும் அப்படித்தானே வலித்திருக்கும்? சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

கார்லோவை என்ன செய்துவிட்டார்கள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. நாவலில் என் மனதுக்கு மிகப் பெரிய காதல் கொரெல்லியுடையது இல்லை, அவன் படையிலேயே இருக்கும் கார்லோவுடையது. மலை மாதிரி உடம்புக்காரன். ஆண்களை நேசிப்பவன். அந்தக் காலத்தில், அந்தப் படைக்குள் அதை யாரிடம் சொல்வான்? தாளில் எழுதி எழுதி வைக்கிறான். அல்பேனியப் பனியில் அவன் முதலில் நேசித்த பிரான்செஸ்கோ அவன் கையிலேயே சாகிறான். அப்புறம் இந்தத் தீவுக்கு வந்து கொரெல்லியை நேசிக்கிறான். ஒரு வார்த்தை சொல்வதில்லை, ஒன்றும் கேட்பதில்லை. சுடுவதற்கு வரிசையாக நிற்கவைக்கும்போது கொரெல்லிக்கு முன்னால் போய் நின்று, அவன் கைகளைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாக் குண்டையும் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறான். படத்திலும் அவன் முன்னால் நிற்கிறான்தான். ஆனால் அதற்கு முந்தைய அவன் வாழ்க்கை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். ஏதோ ஒரு நல்ல நண்பன் குறுக்கே வந்து விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அவன் எழுதி வைத்த தாள்களைப் படிக்காதவர்களுக்கு அந்த நிமிடம் ஒரு சண்டைக் காட்சி, அவ்வளவுதான். படித்தவர்களுக்கு அது ஒரு மனுஷன் சொல்லாமலே தான் நேசித்தவனைத் தொட்டு நிற்கும் நிமிடம்.

மண்ட்ராஸையும் சுலபமாக்கிவிட்டார்கள். நாவலில் போர் அவனைக் கொடூரனாக்கி, கடைசியில் கடலிலேயே முடித்துவிடுகிறது. படத்தில் கொரெல்லியைக் காப்பாற்றிக் கொண்டுவருபவனே அவன்தான். நாவலில் பெலாகியா போர்முனையில் இருக்கும் மண்ட்ராஸுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதுவாள். பதிலே வராது. அவன் திரும்பி வந்த பிறகுதான் தெரியும், அவனுக்கு எழுதப் படிக்கவே தெரியாது என்று. அதை முதல்முறை படித்தபோது எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது.

ஆச்சிக்கும் படிக்கத் தெரியாது. கல்யாணமாகி ஆறே மாதத்தில் தாத்தா ரங்கூனில் ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டார். அங்கிருந்து வரும் கடிதத்தைத் தெருக்கோடி வாத்தியார் வீட்டில் கொடுத்துத்தான் வாசிக்கச் சொல்லிக் கேட்பாளாம். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். மார்ச்சில் ஊரே அவன் கைக்குப் போய்விட்டது. லட்சக்கணக்கான நம் ஜனங்கள் காடு மலை ஏறி அஸ்ஸாமுக்கும் மணிப்பூருக்கும் நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. நம் தாமிரபரணிக் கரை ஊர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. தாத்தாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான்கு வருடத்துக்கு மேல். தபால்காரர் வரும் நேரத்தில் ஆச்சி ஆற்றுக்குக் குளிக்கப் போக மாட்டாளாம். தாலியைக் கழற்றச் சொன்ன பெரியவர்களிடம் ஒன்றும் பேசாமல் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாளாம்.

1946இல் தாத்தா வந்து வாசலில் நின்றார். ஆச்சி பார்த்தாள், உள்ளே போனாள், உலை வைத்தாள். இலை போட்டுப் பரிமாறினாள். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த அன்று ஏசின ஏச்சு தெருவுக்கே கேட்டதாம். ஜப்பான்காரன் கையில் மாட்டிக்கொண்ட மனுஷன் எப்படித் தகவல் சொல்ல முடியும் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஏசினாள். அடுத்த வருடம் அம்மா பிறந்தாள்.

இந்த நாவலின் முடிவு பிடிக்காதவர்கள் நிறையப் பேர் உண்டு. போர் முடிந்ததும் கொரெல்லி ஒருமுறை வருகிறான். பெலாகியா கையில் ஒரு குழந்தையைப் பார்க்கிறான். யாரோ விட்டுப்போன குழந்தையை அவள் எடுத்து வளர்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. கல்யாணம் ஆகிவிட்டது என்று நினைத்து, பேசாமல் திரும்பிவிடுகிறான். அந்தக் குழந்தைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் அந்தோனியா. நிலநடுக்கத்தில் இயானிஸ் இறந்துபோகிறார். அவர் எழுதிக்கொண்டிருந்த தீவின் வரலாற்றை மகள் தொடர்ந்து எழுதுகிறாள். தலை நரைத்துக் கிழவியான பிறகுதான் கொரெல்லி அவள் முன்னால் வந்து நிற்கிறான். அவளுக்குக் கோபம் கோபமாக வருகிறது. இது என்ன முடிவு, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்குமே என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம்தான் நாவல். போர் எடுத்துக்கொண்டது உயிர்களை மட்டும் இல்லை, வருடங்களையும். அந்த வருடங்களை வாசிப்பவர்களும் பக்கம் பக்கமாகக் கடந்து வந்தால்தான் அவள் கோபம் புரியும்.

இயக்குநர் ஜான் மேடனின் படத்தில் அப்பா சாவதில்லை, குழந்தை இல்லை, நரை இல்லை. நிலநடுக்கம் முடிந்த கையோடு கொரெல்லி திரும்பி வந்துவிடுகிறான். தலைமுடி கலையவில்லை. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும் படத்துக்குள் ஐம்பது வருடத்தை அடைக்க முடியாது என்பார்கள். முடியாதென்றால் பத்து வருடத்தையாவது காட்டியிருக்கலாம். ஒரே ஒரு வெறும் வாசலைக் காட்டியிருந்தால்கூடப் போதும்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. பக்கத்தில் இருந்து கதை சொல்லிக்கொண்டே வந்தேன். கொரெல்லி படகில் தப்பிப் போனபோது கால் இரண்டையும் மேலே தூக்கி வைத்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இனிமேல்தான் கதை என்று நினைத்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவன் வந்து நிற்கிறான், அவள் சிரிக்கிறாள், இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏட்டி, அதுக்குள்ளயா வந்துட்டான்?”

“ஆமாம்மா. முடிஞ்சிட்டு.”

டிவியில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “ஒரு வார்த்தை ஏசக்கூட இல்லையே இவ” என்றாள்.