ஏணியில் ஏறாமலே பீலிக்கு விலை சொல்கிறவர்கள்

நேற்று மாலை ஆறரைக்கு வந்து உட்கார்ந்த பீலி மூடி விற்பனையாளர் எட்டே முக்காலுக்குத்தான் எழுந்தார். பீலி என்றால் கூரை விளிம்போடு ஓடி மழைத்தண்ணீரை வாங்குகிற தகர வாய்க்கால்; இலை விழாமல் அதற்கு மேலே போடுவது மூடி. இரண்டே கால் மணி நேரம்! அதற்குள் ஒரு தடவையாவது வெளியே போய்க் கூரையை நிமிர்ந்து பார்த்தாரா? இல்லை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பின்பக்க மூலையில் பீலி ஒழுகுகிறது, அதைத் திருத்தினால் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா?

பதிலுக்கு அவர் பையிலிருந்து ஓரடி நீளப் பீலித் துண்டு ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அதன்மேல் பளபளவென்று ஒரு மூடி. குடிக்கக் கொடுத்த தண்ணீரையே எடுத்து அதில் ஊற்றினார். தண்ணீர் விளிம்போடு வளைந்து உள்ளே இறங்கியது. மேலே வைத்த நாலு காய்ந்த இலைகள் அப்படியே நின்றன. "பார்த்தீர்களா அக்கா?" என்றார். பார்த்தேன். இங்கே, கனடாவில் டொரொன்டோவின் ஸ்கார்பரோவில், மழை என்ன கிளாசிலிருந்தா ஊற்றுகிறது? 2024 ஜூலை 16 அன்று பியர்சன் விமான நிலையத்தில் ஏறக்குறைய 98 மில்லிமீட்டர் கொட்டியதே, அன்று இரண்டு கூரைச் சரிவுகளும் சேருகிற இடத்தில் தண்ணீர் பீலிக்குள் விழாமல் அதைத் தாண்டிப் பாய்ந்ததை நான் ஜன்னலோரம் நின்று பார்த்தவள். மூடி போட்டால் அங்கே இன்னும் வேகமாகத் தாண்டாதா என்று கேட்டேன். "தாண்டாது அக்கா." மேப்பிள் விதை அந்த இடுக்கு வழியாக உள்ளே போகாதா? "போகாது அக்கா." பனிக்காலத்தில் கூரை விளிம்பில் ஐஸ் கட்டுமே? "இனிக் கட்டாது அக்கா." வீட்டுச் சூடு கூரைக்கு ஏறிப் பனியை உருக்குகிறது, அந்தத் தண்ணீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்து மறுபடி உறைகிறது. அதை ஒரு தகர மூடி எப்படித் தடுக்கும்? இது தெரியாமல் பேசினாரா, தெரிந்தே மறைத்தாரா?

பிறகு விலை. 6,800 டொலர். நான் பேசாமல் இருந்தேன். மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தார், 4,900 ஆனது. நான் எழுந்து தேநீர்க் கோப்பைகளை எடுத்தேன், 3,600 ஆனது. அதுவும் அன்றிரவே கையொப்பமிட்டால் மட்டும். அரை மணி நேரத்தில் 3,200 டொலர் கரைந்தது என்றால் முதலில் சொன்ன விலை யாருக்கு? தனியாக இருக்கிற, ஆங்கிலப் பத்திரத்தை வாசிக்கத் தெரியாத ஓர் அம்மாவிடம் அதே 6,800ஐ வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். நினைக்கவே வயிறு எரிகிறது. வீட்டுக்கு வந்து போடுகிற இப்படியான ஒப்பந்தத்தைப் பத்திரம் கைக்கு வந்து 10 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம் என்பது எங்கள் ஒன்ராறியோ மாகாணச் சட்டம். அந்த அம்மாவுக்கு அதை யார் சொல்வது?

இவருக்கு முன்னால் வந்த ஒருவர் காரை விட்டு இறங்காமலே முழுப் பீலியையும் மாற்றச் சொன்னார். இன்னொருவர், மூடி என்பதே ஏமாற்று, ஆண்டுக்கு இரண்டு தடவை தாங்களே வந்து துப்புரவு செய்வோம், ஒப்பந்தம் போடுங்கள் என்றார். அவரவர் எதை விற்கிறாரோ அதுவே என் வீட்டுக்கு மருந்து!

இன்று காலை தம்பி ஏணியோடு வந்தான். பீலிக்குள் கறுப்புச் சேறு. கூரையில் பதிக்கிற ஷிங்கிள் தகடுகளிலிருந்து உதிர்ந்த பொடிக்கல்லும் அழுகிய இலையும் சேர்ந்து கிடந்தன, அதில் விரல் நீளத்துக்கு ஏழெட்டு மேப்பிள் கன்றுகள் முளைத்து நின்றன. வாரி எடுத்துவிட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினான். அது தண்ணீர் கீழே இறங்குகிற குழாய்ப் பக்கம் போகாமல் மூலைக்கே திரும்பி வந்தது. 10 அடிக்குக் கால் அங்குலமாவது குழாயை நோக்கிச் சரிய வேண்டிய பீலி, மூன்று கொளுக்கிகள் கழன்று எதிர்ப்பக்கம் தொங்குகிறது. மூலைப் பொருத்தில் பூசிய பசையும் வெடித்திருக்கிறது. அவ்வளவுதான் நோய்! புதிதாக மூன்று கொளுக்கி, பொருத்தை அடைக்க ஒரு டியூப் சீலன்ட் பசை, செலவு 40 டொலரைத் தாண்டவில்லை. நேற்று நான் கையொப்பமிட்டிருந்தால் இந்தத் தொங்கலின் மேலேயே மூடியை அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒழுக்கு ஒழுகிக்கொண்டே இருந்திருக்கும். அதைத் திருத்த மூடியைக் கழற்ற வேறு கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

மூடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரம் சூழ்ந்த வீடு, ஏணியில் ஏற முடியாத வயது என்றால் நல்ல நுண்வலை போடலாம், துப்புரவு வேலை குறையும். குறையும், அடியோடு ஒழியாது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மூன்று பேரில் ஒருவருக்கும் மனம் வரவில்லையே!

தம்பி ஏணியை மடித்து வைக்கும்போது தொலைபேசி அடித்தது. இன்றைக்கு இது மூன்றாவது தடவை. வீட்டுக் காற்றுக் குழாய்களைச் சலுகை விலையில் சுத்தம் செய்து தருகிறார்களாம். என் வீட்டில் காற்றுக் குழாயே கிடையாது, சுவரோரம் மின் ஹீட்டர்தான் இருக்கிறது என்று இவர்களுக்கு ஏழு வருடமாகச் சொல்கிறேன்!