மதில் மட்டும் போதாது

ராணுவத் தளங்களுக்கு நல்ல மதிலும் காவலாளும் போதும், தூக்கிச் செல்லும் கண்காணிப்புக் கருவிகள் வீண்செலவு என்று ஒரு கட்டுரையில் படித்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் தீவிரவாதிகள் புகுந்தபோது அங்கேயும் மதில் இருந்தது. நம் வீரர்கள் 7 பேரை இழந்தோம்.

அரசு நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிக்கும் சிறிய தரை ரேடாரை இரண்டு மூன்று வீரர்களே சுமந்துபோய் முக்காலியில் நிறுத்திவிடலாம். கும்மிருட்டிலும் நடந்து வரும் ஆளைத் தொலைவிலேயே காட்டிவிடும்.

ஆனால் எங்கள் தாம்பரம் விமானப்படைத் தளம் மாதிரி ஊருக்கு நடுவே இருக்கும் இடத்தில் மாடு, தெருநாய் என எல்லா அசைவும் ரேடாரில் விழும். அதனால் வருவது ஆளா விலங்கா என்று பார்க்க, உடல் வெப்பத்தைப் படமாகக் காட்டும் வெப்பக் கேமராவும் கூடவே கட்டாயம் வேண்டும். அப்புறம், நவம்பர் மழையில் கேபிளும் பேட்டரியும் நனையாமல் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். அதற்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.