யோகா சரி, அந்த பாத்ரூம் டோக்கனை என்ன செய்யலாம்?

போன மாதம் எங்கள் கம்பெனியில் யோகா வகுப்பு வைத்தார்கள். துணி வாங்குகிற பையர் தரப்பிலிருந்து ஆடிட் வருகிறதாம், மன அழுத்தம் குறைக்க ஏதாவது செய்ததாக ஃபைலில் போட்டோ இருக்க வேண்டுமாம். பேக்கிங் மேஜைகளை ஓரம் தள்ளி நாற்பது பேரைத் தரையில் உட்கார வைத்தார்கள். வந்த டீச்சர் நல்ல மனுஷி. மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடச் சொன்னார். "இந்தப் பஞ்சுத் தூசியில எங்கக்கா ஆழமா இழுக்கறது" என்று பக்கத்தில் ஒரு பிள்ளை முணுமுணுக்க, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அரை மணி நேரப் புரொடக்சனைச் சாயங்காலம் டீ டைமில் பிடித்துக்கொண்டார்கள், அது வேறு கதை.

நான் திருப்பூரில் பதினாறு வருடமாக ஓவர்லாக் டெய்லர். இப்போது டி-சர்ட்டுக்குக் கை ஏற்றுகிறேன். மணிக்கு 120 பீஸ், அதாவது நிமிடத்துக்கு இரண்டு. லைன் தலைமாட்டில் ஒரு போர்டு, மணிக்கொரு தடவை அதில் கணக்கு ஏறும். ஐம்பது பேர் இருக்கிற லைனுக்கு பாத்ரூம் டோக்கன் இரண்டு, அது கையில் இருந்தால்தான் எழுந்து போகலாம். டோக்கனுக்குக் காத்திருந்து, போய் வர ஏழு நிமிடம் ஆனால் பதினான்கு பீஸ் போச்சு. சூப்பர்வைசர் மைக்கில் கத்துவதைக்கூடக் காதில் வாங்காமல் இருந்துவிடலாம். எனக்கு அடுத்து சைடு அடிக்கிற பெண் பீஸ் வராமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் நிரப்பிய பாட்டில் அப்படியே வீடு திரும்பும். நீர்க்கடுப்பு வராத பெண் எங்கள் லைனில் யாரும் இல்லை.

தீட்டு நாளில் இன்னும் மோசம். தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் சுமார் 100 பெண்களிடம் பேசி, தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் 2019-இல் ஒரு செய்தி வெளியிட்டது. வலி என்று சொன்னால் பேர் போடாத மாத்திரையைக் கொடுத்து மெஷினில் உட்கார வைக்கிறார்கள் என்று அதில் இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு அது அதிர்ச்சி. நாங்கள் அந்த வெள்ளை மாத்திரையை விழுங்கிவிட்டு அடுத்த பண்டலைப் பிரித்தவர்கள்.

வேலை அதிகம், அதனால்தான் ஸ்ட்ரெஸ் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு பீஸ் ரேட்டில் இருந்தேன், தைத்த பீஸுக்குத்தான் காசு. ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை. உடம்பு இதைவிட அதிகமாக வலிக்கும். ஆனால் எழுந்து போக யாரையும் கேட்டதில்லை. என் நஷ்டம், என் இஷ்டம். தூக்கம் வந்தது. இப்போதுதான் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த போர்டு கண்ணில் தெரிகிறது.

எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப் பணி படிக்கிற தங்கை மகளிடம் இதைச் சொன்னேன். "பெரியம்மா, ராபர்ட் காரசெக்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1979-லேயே இதை எழுதியிருக்கார்" என்றாள். வேலைப் பளு மட்டும் ஆளை முறிக்காது, பளு கூடி, தன் வேலையில் தன் பேச்சு எடுபடாமலும் போனால்தான் முறிக்கும் என்பதுதான் அவர் சொன்னதாம். சரி, படித்தவர் சொன்னால் கேட்பார்களா என்று பார்ப்போம்.

முதலாளி பக்கமும் கஷ்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஷிப்மெண்ட் தவறினால் கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு அவர் தலையில் விழும். அவர் மேனேஜரை நெருக்க, மேனேஜர் சூப்பர்வைசரை நெருக்க, கடைசியில் எல்லாம் என் மூத்திரப்பையில் வந்து நிற்கிறது.

சட்டத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்புதான். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் என்றார்கள். எல்லோரும் கொண்டாடினார்கள். நான் அன்றைக்கும் ஒன்றரை ஷிப்ட்தான். மிகை நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று 1948-லேயே சட்டம் போட்டார்கள், இந்தப் பதினாறு வருடத்தில் என் சம்பளக் கவரில் ஒரு தடவைகூட அது வந்ததில்லை.

யோகா முடிந்ததும் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள், இன்னும் என்ன வசதி வேண்டும் என்று. "டோக்கன் வேண்டாம்" என்று எழுதினேன், பேர் போடவில்லை. நிறையப் பேர் அதையே எழுதியிருப்பார்கள் போல. ஆடிட் முடிந்த அடுத்த வாரமே நடவடிக்கை எடுத்துவிட்டார்கள். இப்போது லைனுக்கு மூன்று டோக்கன்.