தஞ்சாவூருக்கு அடுத்தது ரோம்

இந்தப் பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயர்ப் போட்டி வைத்தார்கள். ஒருவர் ஓர் ஊரைச் சொன்னால், அது முடிகிற எழுத்தில் தொடங்கும் ஊரை அடுத்தவர் சொல்ல வேண்டும். உலகத்தில் எந்த ஊராகவும் இருக்கலாம். ஒரு பையன் டெல்லி என்றான். அடுத்து நின்றது எங்கள் மாடியில் இருக்கும் எட்டு வயதுச் சிறுமி. யோசிக்கவே இல்லை, ஈரோடு என்றாள். அவளுடைய அம்மாயி ஊர் அது. அவுட் என்று சொல்லிவிட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் டெல்லியின் கடைசி எழுத்து ஒன்று, ஈரோட்டின் முதல் எழுத்து இன்னொன்று என்று மைக்கில் விளக்கமும் சொன்னார்கள். அவள் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “லீன்னுதானே ஆன்ட்டி முடியுது?” என்று மெதுவாகக் கேட்டாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அவள் காது கேட்டது சரி. தப்பு, அவள் கேட்டதை வேறொரு மொழியின் எழுத்தில் எழுதிப் பார்த்ததில் இருக்கிறது. அந்த எழுத்துக்கூட்டலை நம்பினால் ஏற்காடு ‘ஒய்’யில் ஆரம்பிக்கும், ஊட்டி ‘ஓ’வில் ஆரம்பிக்கும். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஆணை போட்டது ஞாபகம் இருக்கும். கோயம்புத்தூர், வேலூர், திண்டுக்கல் எல்லாம் புது எழுத்தில் வந்தன. இது சரியில்லை, அது சரியில்லை என்று ஆளாளுக்குக் குறை சொல்ல, சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். அரசாங்கமே தீர்த்துவைக்க முடியாத ஒரு எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு எட்டு வயதுப் பிள்ளையை அவுட் என்று உட்காரவைப்பது எந்த ஊர் நியாயம்?

நான் இந்த விளையாட்டைத் தமிழில்தான் கற்றேன். அப்பா ரயில்வே மெயில் சர்வீசில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்தார். திருச்சியில் வாடகை வீடு. இரவு ஷிஃப்ட் இல்லாத நாட்களில் கரண்ட் போனால் மொட்டைமாடியில் பாய் விரித்து விளையாட்டு ஆரம்பமாகிவிடும். அவருக்கு ஊர்ப்பெயர் என்றால் வெறும் பெயர் கிடையாது. சுவர் முழுக்க மரக்கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஊர், கடிதத்தைப் பார்த்ததும் கை அந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும். பின்கோடு 1972-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அதை எழுதாமல் வெறும் ஊர்ப்பெயரோடு வரும் கடிதம் நிறைய இருந்ததாகச் சொல்வார். அப்படிப்பட்டவர் போட்ட விதிகள் இவை.

ஊர்ப்பெயர் மெய்யெழுத்தில் முடிந்தால் அதே மெய் வரிசையில் அடுத்த ஊர். உயிர்மெய்யில் முடிந்தால் அதைப் பிரித்துக்கொள்ளலாம். டி என்றால் ட், இ. இயில் ஆரம்பித்தால் ஒரு புள்ளி, டகர வரிசையில் ஆரம்பித்தால் இரண்டு. குறில் நெடில் பார்க்க வேண்டியதில்லை. றகரத்துக்கு ரகரம், னகர ணகரத்துக்கு நகரம், ளகரத்துக்கு லகரம், ஸகரத்துக்குச் சகரம். அப்புறம், ராமேஸ்வரம், ராசிபுரம் எல்லாம் முறைப்படி இகரம் போட்டு எழுத வேண்டியவை, அதனால் ரகரத்துக்குச் செல்லாது.

கடைசி விதி அப்போது எங்களுக்குப் பிடிக்கவே இல்லை. ஏன் என்றால் நம் பக்கத்து ஊர்களில் பாதி ‘ஊர்’ என்றே முடிகின்றன. தஞ்சாவூர், திருவாரூர், அரியலூர், கரூர், வேலூர், கடலூர். எதைச் சொன்னாலும் ரகரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும். ரகரத்தில் ராமேஸ்வரமும் கிடையாது, ராஜபாளையமும் கிடையாது என்றால் எங்கே போவது?

ரோமுக்குப் போக வேண்டியதுதான். ரியாத்துக்குப் போக வேண்டியதுதான்.

இதை நான் புரிந்துகொள்ளப் பல வருஷம் ஆனது. ர, ல, ட, ற, ழ, ள, ண, ன எழுத்துகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கணம். ஆனால் சொல்லின் கடைசியில் இவைதான் குவிந்து கிடக்கின்றன. ஊர், கல், குடி, பட்டி, கோட்டை, பேட்டை, துறை, மலை. நம் ஊர்கள் முடிகிற எழுத்தில் நம் சொற்கள் தொடங்குவதில்லை. அதனால் தமிழில் விளையாடினால், சொந்த ஊர்ப் பெயரே நம்மைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. வெளியூர்ப் பெயர் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. எங்கள் மொட்டைமாடியில் ஓடிய ஒரு வரிசையைச் சொல்கிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: தஞ்சாவூர், ரோம், மதுரை, ரியாத், திண்டுக்கல், லிமா, மன்னார்குடி, டாக்கா, காரைக்கால், லிஸ்பன், நாகூர், ரங்கூன்.

நெசவுத் தறியில் நாடா போய் வருவது போல இல்லையா? ஒரு ஊர் இங்கே, ஒரு ஊர் அங்கே. ஆங்கிலத்தில் விளையாடினால் இது கிடைக்காது. அங்கே எல்லாம் ‘ஏ’யில் போய் விழும். ஐரோப்பாவைத் தவிர மற்ற கண்டங்களின் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் அந்த ஒரே எழுத்தில் முடிகின்றன. கொஞ்ச நேரத்தில் ‘ஏ’ தீர்ந்துபோய் ஆட்டம் நின்றுவிடும்.

ரங்கூன் என்றதும் ஞாபகம் வருகிறது. 1989-ல் அந்த ஊரின் பெயரை யாங்கூன் என்று மாற்றினார்கள். ரகரத்திலிருந்து யகரத்துக்குப் போய்விட்டது என்று அண்ணன் ஆட்சேபம் சொன்னான். அப்பா ஏற்கவில்லை. பர்மாவிலிருந்து அறுபதுகளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அவர்கள் வாயில் அது ரங்கூன்தான். “அவங்க சொல்ற வரைக்கும் செல்லும்” என்றார்.

அதே நியாயத்தை இன்னொரு நாளும் பார்த்தேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்து வீட்டில் குடியிருந்தது. அந்த வீட்டுப் பெண் என்னைவிட ஒரு வயது பெரியவள். திருவாரூர் என்று நான் சொன்னதும் அவள் ரொறன்ரோ என்றாள். அப்படி ஊரே இல்லை, டொராண்டோ, அது டகரம் என்று நாங்கள் சண்டைக்குப் போனோம். அவள் உள்ளே ஓடிப்போய் ஒரு கவரை எடுத்து வந்தாள். கனடாவிலிருந்து அவள் மாமா அனுப்பியது. பின்பக்கம் தமிழில் நீல மையில் அனுப்புநர் முகவரி, அதில் தெளிவாக ரொறன்ரோ. அப்பா கவரை வாங்கி, வேலையில் செய்வது போலவே விளக்கருகே சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். “சரிம்மா, ரெண்டு புள்ளி” என்றார். எங்களிடம் திரும்பி, “அவங்க ஊர்ல அப்படித்தான் எழுதுறாங்க. அதுவும் தமிழ்தான்” என்றார். அவுஸ்திரேலியாவும் நோர்வேயும் அன்றிலிருந்து எங்கள் ஆட்டத்தில் செல்லுபடியாகின.

எல்லாவற்றையும் ஏற்றார் என்றும் இல்லை. டி.கல்லுப்பட்டி என்று அண்ணன் ஒருநாள் சொன்னான். டகரத்தில் தொடங்கி டகரத்திலேயே முடிகிற ஊர், மதுரை மாவட்டம். அன்றைக்குப் புள்ளி கொடுத்தார், மறுநாள் விதியைத் திருத்திவிட்டார். ‘டி’ ஆங்கில எழுத்தின் பெயர், இனிஷியலைக் கணக்கில் எடுக்கக் கூடாது. டி.என்.பாளையம் என்றால் தூக்கநாயக்கன்பாளையம், அது தகரம்.

ஒவ்வொரு மொழிக்காரரும் தங்கள் எழுத்துக்கு ஏற்றபடிதான் இந்த விளையாட்டை வளைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரஷ்யாவில் இதை ‘நகரங்கள்’ என்ற பெயரிலேயே விளையாடுகிறார்கள். பெர்ம், கஸான் போன்ற ஊர்ப்பெயர்கள் அவர்கள் எழுத்தில் ஒரு மென்மைக் குறியோடு முடியும். அந்தக் குறியில் எந்தச் சொல்லும் தொடங்காது என்பதால் அதைத் தள்ளிவிட்டு முந்தைய எழுத்தை எடுத்துக்கொள்வார்கள். ஜப்பானில் ஷிரிதோரி என்று பெயர்ச்சொற்களை வைத்து விளையாடுவது உண்டு. அவர்கள் மொழியில் ‘ன்’ எழுத்தில் சொல் தொடங்காது, அதனால் ‘ன்’ முடிவுள்ள சொல்லைச் சொன்னவர் தோற்றார். ஆனால் அதற்கும் ஒரு ஊர் தப்பு வழி கொடுக்கிறது. சாட் நாட்டின் தலைநகர் இன்ஜமேனாவை ஜப்பானியர் எழுதும்போது முதல் எழுத்தே அந்த ‘ன்’தான். பிரெஞ்சு ஆட்சியில் வைத்த போர்-லாமி என்ற பெயரை மாற்றி 1973-ல் வந்த பெயர் அது. பழைய பெயரே இருந்திருந்தால் ஜப்பானியப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறந்திருக்காது.

ஓர் அந்தத்தை அடுத்ததற்கு ஆதியாக்கி, எழுத்தாலும் அசையாலும் சீராலும் அடியாலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பாடிவந்த மொழி நம்முடையது. அந்தாதி தெரிந்த நாம் பிள்ளைகளுக்கு இதை ஆங்கில எழுத்தில் வைத்துக் கொடுக்கிறோம். எனக்கு மனசு ஆறவில்லை.

ஜப்பானியரின் ‘ன்’ போல எங்கள் வீட்டிலும் ஒரு எழுத்து இருந்தது. ஹாங்காங், பீஜிங், ஷில்லாங், டார்ஜிலிங். ‘ங்’ வந்தால் போக இடமில்லை, சொன்னவர் தோற்றார். அரிச்சுவடியிலேயே ஙகரத்துக்குச் சங்கு படம்தான் போடுவார்கள், அதில் ‘ங்’ நடுவில் இருக்கும். முதலில் வைக்க ஒரு சொல் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சில வருஷம் முன்னால் என் பையனோடு அட்லஸ் பார்க்கும்போது பசிபிக் கடலில் பலாவ் என்ற தீவு நாடு கண்ணில் பட்டது. அதன் தலைநகர் 2006 வரை கொரோர். அதற்குப் பிறகு ஙெருல்முட். அவர்கள் மொழியில் அந்த முதல் ஒலி நம் ஙகரமேதான். வாயைத் திறந்து ‘ஙெ’ என்று சொல்லிப் பாருங்கள், அவ்வளவுதான். அப்பாவுக்கு அன்றைக்கே போன் செய்து சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். “இனிமே ங் சொன்னா தோல்வி இல்ல” என்றார்.

குடியிருப்பு விழா நடத்துகிறவர்களுக்கும் பள்ளிகளில் போட்டி வைக்கிற ஆசிரியர்களுக்கும் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை தமிழ் எழுத்தில் வையுங்கள். கரும்பலகையில் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதி, கடைசி எழுத்தை வட்டமிடுங்கள். பத்து நிமிஷத்தில் உயிர், மெய், உயிர்மெய் தானாகப் புரிந்துவிடும். விதி வேறு மாதிரி வேண்டும் என்றால் உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நடுவருக்கு ஒரு அட்லஸ் இருந்தால் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிறுமியை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அப்பாவை ஸ்பீக்கரில் போட்டு, டெல்லியிலிருந்தே ஆரம்பித்தோம். லி, அதாவது ல், இ. அவள் ஈரோடு என்றாள். “ஒரு புள்ளி” என்றார் அப்பா. என் பையன் டப்ளின் சொன்னான். நான் நாமக்கல், அப்பா லாகோஸ், அவள் சேலம், பையன் மணிலா, அப்படியே இருட்டும்வரை ஓடியது. ஒரு கட்டத்தில் பையன் வாய்தவறி பீஜிங் என்றுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். அவள் அட்லஸை மடியில் இழுத்துப் போட்டு, நான் முன்பே காட்டியிருந்த பக்கத்தைத் தேடி எடுத்து, நீலத்தின் நடுவே இருந்த சின்னப் புள்ளியில் விரலை வைத்தாள்.

“ஙெருல்முட், தாத்தா.”

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “ட்டா…” என்று அப்பா யோசிக்க ஆரம்பித்தார்.