பச்சைப்பிள்ளையின் மார்பைப் பிதுக்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மார்பைப் பிதுக்கிப் ‘பாலெடுக்கும்’ பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஆண்பிள்ளையையும் விடுவதில்லை. தயவுசெய்து நிறுத்துங்கள்.

கருவில் இருக்கும்போது தாயின் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பிள்ளைக்கும் போகிறது. அதனால்தான் பிறந்த பிள்ளையின் மார்பு நெல்லிக்காய் அளவுக்குக் கட்டியாகத் தெரிகிறது, சிலருக்கு இரண்டு சொட்டுப் பாலும் வருகிறது. அது கெட்ட பால் இல்லை. பெரும்பாலும் சில வாரங்களில் தானாக வற்றிவிடும். பிதுக்கினால் கிருமி ஏறிச் சீழ் கட்டும், கீறி எடுக்க வேண்டிவரும். பெண்பிள்ளைக்குப் பின்னாளில் மார்பு வளர்வதே பாதிக்கப்படலாம். வலியைச் சொல்லத் தெரியாத உயிரிடம் நாம் செய்கிற கொடுமை இது.

முதல் சில மாதங்களில் பிள்ளையின் சொந்த ஹார்மோனும் ஒருமுறை ஏறி இறங்கும். ஆகவே பெண்பிள்ளைக்கு இரண்டு வயதுவரைகூட லேசாக மார்பு தெரியலாம். ஆனால் அது பெரிதாகிக்கொண்டே போனாலோ, மூன்று நான்கு வயதில் புதிதாகத் தோன்றினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, சிறுமிகளுக்குச் சீக்கிரமே மார்பு வளர்வதற்குப் பிராய்லர் கோழிதான் காரணம் என்கிறார்களே? அந்தக் கோழி வேகமாக வளர்வது தேர்ந்தெடுத்த இனத்தாலும் தீவனத்தாலும்தான், ஹார்மோன் ஊசியால் இல்லை. எனக்குக் கவலை பிளாஸ்டிக்கைப் பற்றி.

பிளாஸ்டிக் செய்ய உதவும் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் என்பது 1936-லேயே பிரிட்டிஷ் விஞ்ஞானி சார்லஸ் டாட்ஸின் சோதனையில் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பின்னாளில் அதிலிருந்தே பால்பாட்டில் செய்தார்கள். ஐரோப்பா 2011-ல் பால்பாட்டிலில் அதைத் தடுத்தது, நம் நாட்டுத் தர விதி 2015-ல்தான் விலக்கியது. சூடு பட்டால் இது கூடுதலாகக் கசியும். பிளாஸ்டிக்கை இளக்கப் போடும் தாலேட்டுகள் வாசனைப் பொருள்களிலும் உண்டு. கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் சீக்கிரமே மார்பு வளர்ந்த சிறுமிகளின் ரத்தத்தில் அவை அதிகம் இருந்ததாக 2000-ல் ஓர் ஆய்வு சொன்னது. காரணம் அதுதான் என்று அந்த ஒரு ஆய்வை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் முழு நிரூபணம் வரும்வரை நம் பிள்ளைகளை வைத்தா பார்ப்பது? கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் பூச்சிமருந்து தெளித்தபோதும் நிரூபணம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே ஆண்பிள்ளைகளின் பருவ வளர்ச்சி தாமதமானதாக 2003-ல் ஆய்வு வந்தது. உச்ச நீதிமன்றத் தடை வந்தது 2011-ல்.

ஏத்தங்காய் (நேந்திரங்காய்)ப் பொடியைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி நல்லதாகத்தான் கொடுக்கிறோம், அதைச் சுடச்சுடப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றாதீர்கள். எவர்சில்வர் கிண்ணம் போதும். உடம்பில் தேய்க்கத் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெய் இருக்கும்போது வாசனை லோஷனும் பவுடரும் வேண்டவே வேண்டாம்.

அதற்காகப் பாரம் முழுவதையும் பெற்றவள் தலையில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். டப்பாவில் வெறுமனே ‘வாசனைப் பொருள்’ என்று போட்டுவிட்டு உள்ளே இருப்பதை மறைக்க நிறுவனங்களுக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? எல்லாவற்றையும் அச்சிடச் சொல்லி அரசு கட்டாயப்படுத்த வேண்டும். அப்புறம், பிரசவ வார்டிலிருந்து அனுப்பும்போது நர்சுகள் தாயிடம் மட்டும் பேசாமல், பிள்ளையைக் குளிப்பாட்டப்போகும் பாட்டியையும் உட்கார வைத்து, மார்பில் கைவைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்ப வேண்டும்.