மாசி மகத்துக்கு மறுநாள் பிறந்தவள்

இன்று என் மனைவிக்கு 62 வயது நிறைகிறது. அவளுடைய அடையாளக் கார்டு இதை ஒப்புக்கொள்ளாது. அதில் மே மாதத்துத் தேதி ஒன்று இருக்கிறது. ரப்பர் தோட்டத்து எழுத்தரான கிராணி பிறப்புப் பதிவுக்குப் பெயர்களைக் கொண்டுபோன நாளையே பிறந்த நாளாக யாரோ எழுதிவிட்டார்கள். என் மாமியாருக்கு ஆங்கிலத் தேதி தெரியாது. "கித்தா மரமெல்லாம் இலை உதிர்த்துக் கிடந்தது. மாசி மகத்துக்கு மறுநாள். பெரட்டுக்கு மணி அடிக்கிற நேரம்" என்று மட்டும் சொல்வார். கித்தா என்றால் ரப்பர், பெரட்டு என்றால் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பது. எங்களுக்கு அது போதும். ஒவ்வோர் ஆண்டும் புது நாட்காட்டி வந்ததும் மாசி மகம் எந்த நாளில் வருகிறது என்று தேடி, அடுத்த கட்டத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பேன். இது நாற்பதாவது புள்ளி.

இதை ஏன் ஊரறிய எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியத் தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டிய காலத்தில், ஸ்டோரில் காத்திருக்கும் நேரமெல்லாம் நாளிதழ் படிப்பேன். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நிற்கும் வரை எங்கள் வீட்டுக்கு வந்தது. அதிலும் மற்ற நாளிதழ்களிலும் நினைவஞ்சலிப் பக்கங்களை நான் ஒருநாளும் தாண்டிப் போனதில்லை. பத்தாண்டுக்கு முன் போன மனைவிக்கு, இருபதாண்டுக்கு முன் போன மனைவிக்கு, படம் போட்டுக் கணவர் கண்ணீர் வடித்திருப்பார். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் உயிரோடு இருந்தபோது அவற்றில் ஒரு வரியாவது அவர் காதில் விழுந்திருக்குமா? படிக்க வேண்டியவர் படிக்க முடியாமல் போன பிறகு அச்சேறும் அன்பு எனக்கு உடன்பாடில்லை.

மனைவியைப் பொதுவில் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று நண்பர் ஒருவர் நேற்று எச்சரித்தார். கண் பட்டால் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட மகள் இருக்கிறாள். நான் எழுதத்தான் போகிறேன்.

அவள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஆறாம் வகுப்பு வரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. கணக்கில் வகுப்பிலேயே முதல். அதற்கு மேல் படிப்பதென்றால் பட்டணத்தில், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்கு முன் படிக்கும் புகுமுக வகுப்பில் சேர வேண்டும், தினமும் பஸ் கட்டணம் வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் கட்டுபடியாகும் என்றார்கள். தம்பி போனான். இவள் அம்மாவோடு மர நிரைக்குப் போய், பட்டையிலும் கோப்பையிலும் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் பொறுக்கினாள். அந்தக் காலம் அப்படி என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எங்கள் தோட்டங்களில் எத்தனையோ கெட்டிக்காரப் பெண்பிள்ளைகளை இப்படித்தான் ஒரு பஸ் டிக்கெட்டுக்காக இழந்தோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவள் கோபப்படுவதில்லை. தம்பி படித்தது நல்லதுதானே என்பாள்.

உளி பிடித்தபோது அவளுக்கு வயது 16. பால் வெட்டுவதை எளிய வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் உளி கட்டையைத் தொட்டுவிடும், அந்த இடத்தில் புதுப் பட்டை சரியாக வளராது, மரம் முண்டும் முடிச்சுமாக ஆகிவிடும். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டிலேயே தொடங்க வேண்டும். ஒரு நிரையில் 400, 500 மரங்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுவுக்கும் பாம்புக்கும் நடுவில், அத்தனை மரத்திலும் அதே ஆழத்தில் கோடு போட வேண்டும். அவள் வெட்டிய மரங்களின் பட்டை பலகைபோல் வழவழவென்று இருக்கும் என்று எங்கள் மேற்பார்வையாளரான மண்டோர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சுலபத்தில் ஒருவரையும் மெச்சுகிறவர் அல்லர் அவர்.

நான் அவளை முதன்முதலாகக் கவனித்தது 1983-இல், பால் ஸ்டோரில். வாளிப் பாலை எடை போட்ட பிறகு, அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று அறிய மெட்ரலாக்கை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் கூலி. அன்றைக்குக் கிராணி அவசரத்தில் இருந்தார். மெட்ரலாக் ஆடி நிற்பதற்குள் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் எழுதத் தொடங்கிவிட்டார். வரிசையில் நின்ற ஒரு பெண், குரலை உயர்த்தாமல், "ஐயா, நுரை அடங்கட்டும். இன்னொரு முறை பாருங்கள்" என்றாள். ஸ்டோரே அமைதியாகிவிட்டது. கிராணியிடம் அப்படிப் பேசுகிற வழக்கம் அப்போது இல்லை. அவர் முறைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். எண் கூடியிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். "எனக்கு முன்னால் நின்ற மூன்று பேருக்கும் பார்த்துவிடுங்கள் ஐயா" என்றாள்.

நான் லாரித் தொட்டியின் மேல் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்ணைக் கட்டினால் என் வாழ்க்கை சரியாக எழுதப்படும் என்று எனக்குத் தோன்றியது. 1985-இல் திருமணம். வாய் நீளமான பெண் என்று என் அம்மா தயங்கினார். பின்னாளில் அதே அம்மா படுக்கையில் விழுந்தபோது, "அவளைக் கூப்பிடு" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

அவள் சீதனமாகக் கொண்டுவந்த பொருள்களில் ஒரு மைலோ டின்னும் இருந்தது. உள்ளே என் மாமியாரின் ரசீதுகள். 1960-இல் எங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டால் தொழிலாளர்களே சேர்ந்து வாங்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். மாமியார் மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பங்கு சேர்த்தார். கையெழுத்துப் போடத் தெரியாத அந்த அம்மாள் ஒரு ரசீதைக்கூடத் தொலைத்ததில்லை. மகளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. என் சம்பளச் சீட்டுகளை அவள் அதே டின்னில் போட்டுவந்ததை நான் கவனித்ததுகூட இல்லை.

1994-இல், நான் வெளியே வேறோர் இடத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது, அடைமழையில் செம்மண் சாலை சரிந்து லாரி குடை சாய்ந்தது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பதினொரு மாதம் வீட்டில் கிடந்தேன். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிப் பணம் கேட்கப் போனபோதுதான் தெரிந்தது, என் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்த சந்தாவை வேலை கொடுத்தவர் கட்டவே இல்லை என்று. எனக்கு உலகமே இருண்டுவிட்டது. அவள் டின்னைத் திறந்தாள்.

விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து சமைப்பாள். மகனை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்குப் போவாள். பதினொன்றரைக்குப் பாலைக் கொட்டிவிட்டுக் குளித்து, பிடித்தம் காட்டிய 26 சம்பளச் சீட்டுகளையும் கைப்பையில் வைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் பஸ் ஏறுவாள். போக 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர். ஏழு முறை போனாள். விண்ணப்பப் பாரங்கள் எல்லாம் மலாயில் இருந்தன. அவளுக்குப் பேச்சு மலாய் தெரியும், அலுவலக மலாய் தெரியாது. மகளின் பள்ளி அகராதியை வைத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் விளக்கில், ஒவ்வொரு சொல்லாகப் பொருள் பார்த்து எழுதினாள். கட்டிலில் கிடந்தபடி நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னை அன்றைக்குத் தாங்கியது மருந்தல்ல, அந்த முதுகுதான். பணம் வந்தது, முழுதாக வந்தது.

செய்தி தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பரவியது. ஒருவர் சேமநிதி பாரத்தோடு வந்தார். இன்னொருவர் கணவரின் இறப்புச் சான்றிதழில் பெயர் பிழை என்று வந்தார். பிறகு தோட்டத்தில் கித்தாவை அழித்துச் செம்பனை நட்டார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். நாங்கள் பட்டணத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். பாரங்களும் எங்களோடு வந்தன. இன்றைக்கு எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. பாரம் அக்கா என்றால் சின்னப் பிள்ளைகூட எங்கள் வீட்டைக் காட்டும். 38 வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள், கோலாகங்சார் பதிவிலாகாவுக்குப் போய்வருவதற்காகவே.

அவள் செய்தவற்றில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது எங்கள் பழைய தோட்டத்துப் பாட்டி ஒருவரின் கதை. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்தில் வெள்ளைக்கார நிர்வாகியான துரை கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டு நாட்டில் அவசரகாலம் வந்தபோது அவருக்கு வயது 11. லயங்களை இடம் மாற்றிக் கம்பி வேலிக்குள் வைத்த அந்த நாட்களில் அவர் குடும்பத்தின் காகிதமெல்லாம் போயிற்று. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணிலேயே பால் வெட்டி, 70 வயதுக்கு மேலும் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்தார். அதாவது நிரந்தரவாசி, குடிமகள் அல்லர். ஓட்டு கிடையாது. "எழுதினது எழுதினதுதானே, விட்டுவிடு பிள்ளை" என்பார். என் மனைவி விடவில்லை. பழைய பள்ளிப் பதிவேட்டைத் தேடினாள். அவர் பிறந்ததை அறிந்த முதியவர் ஒருவரைக் கண்டுபிடித்துச் சத்தியப் பிரமாணம் வாங்கினாள். நேர்காணலில் மலாயில் பதில் சொல்ல வேண்டுமே என்று, மாலைதோறும் எங்கள் வீட்டு வாசலில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பழக்கினாள். நான்கு ஆண்டுகள். பாட்டிக்கு 74 வயதானபோது குடிமக்களுக்கான நீலக் கார்டு வந்தது. வாக்காளர் பதிவுக்கும் இவளே அழைத்துப் போனாள். 2013 மே 5, பொதுத் தேர்தல் அன்று, பாட்டி மை வைத்த விரலைத் தூக்கிப் பிடித்தபடி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எதுவும் பேசவில்லை. இவள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் அழுது பார்த்தது மிகக் குறைவு.

இதற்கெல்லாம் அவள் யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. பாதி நாள் பெட்ரோலுக்கு என் பென்சன் பணத்தில்தான் கை வைப்பாள். வைக்கட்டும்.

சென்ற ஆண்டு இதே நாளில் அவளைக் கோலாகங்சாருக்கு அழைத்துப் போனேன், அலுவலகத்துக்கு அல்ல. 1877-இல் அங்கே நட்ட கித்தாக் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. எத்தனையோ முறை அந்த ஊருக்குப் போயும் அவள் அதைப் பார்த்ததில்லை. அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். அவளுடைய வலது கை, உளி பிடிப்பதுபோல் தானாக மடங்கியிருந்தது. "இதற்கு 147 வயது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். "நட்ட அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்கள்" என்றேன். அதன்பிறகு வீடு வந்து சேரும்வரை அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. இந்தப் பதிவை அன்றே மனத்துக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் தோட்டத்துப் பெண்கள் மூன்று தலைமுறையாகச் செக்ரோலில் ஓர் எண்ணாக இருந்தார்கள். உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். அவள் எந்த மரத்தடியில் பிறந்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள், யாருக்காக எங்கே போய் நின்றாள் என்று அவளிடமே கேட்டு எழுதுங்கள். எழுதி அவளிடம் படித்துக் காட்டுங்கள்.

இன்று காலை மகள் ஈப்போவிலிருந்து கேக்கோடு வந்தாள். பசியாற இடியாப்பமும், மனைவிக்குப் பிடித்த பால் கேசரியும் நானே செய்தேன். உட்காரப் போகும் நேரத்தில் வாசலில் ஓர் இளம் பெண், கையில் கைக்குழந்தை. பிறந்து ஐம்பது நாளாகிறது, இன்னும் பதியவில்லை, 60 நாளுக்குள் பதிய வேண்டுமாமே என்று கலங்கினாள். மகளுக்கு முகம் வாடியது. இவள் கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து உட்காரவைத்தாள். மருத்துவமனை கொடுத்த தாளை வாங்கிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாரத்தை நிரப்பி முடித்தாள். அதை அந்தத் தாயின் கையில் கொடுத்து, "பிள்ளை பிறந்த தேதியை நீயே வாய்விட்டுப் படி. சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடு" என்றாள்.

அந்தப் பெண் படித்தாள். "இன்னொரு முறை" என்றாள் இவள்.