எதிர்ப்படுபவர் எல்லாம் வெட்டுப்படத்தான் வேண்டுமா?

கேம் மாஸ்டர் ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும் விளையாட்டுக்கென அச்சிட்ட ஒரு சாகச நூலில், எதிர்ப்படுவோரோடு சண்டையைத் தவிர வேறு வழியில்லை என்று சென்ற வாரம் குறை சொல்லி எழுதியிருந்தேன். அதன்பின் நடந்தது நண்பர்களுக்குத் தெரியும். "நல்ல கேம் மாஸ்டராக இருந்தால் மாற்றி நடத்தியிருப்பார், இவருக்குக் குறை சொல்லத்தான் தெரிகிறது" என்று ஒருவர் எழுத, அதை எத்தனையோ பேர் ஆமோதித்தார்கள். பேசாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

நான் சொன்னது ஒன்றுதான். மூன்றாம் அத்தியாயத்தில் அடுத்தடுத்து ஏழு அறைகளில், உள்ளே இருப்பவை நம்மைக் கண்டவுடன் பாய்ந்து, சாகும்வரை சண்டையிடுகின்றன. ஓர் அறையில் எலும்புக்கூடுகள், அடுத்ததில் ஓநாய்கள், அதற்கடுத்ததில் கூலிப்படையினர். உருவம் மாறுகிறதே தவிர, ஆடுபவர்கள் செய்ய வேண்டியது மாறவில்லை. அறைக்கு அறை நாம் எடுக்க வேண்டிய முடிவு வேறாக இருந்தால்தான் அது வேறு அறை. எலும்புக்கூடு கடைசிவரை போரிடட்டும், அதற்கு இழக்க உயிரில்லை. கூலிக்கு வந்தவன் எதற்காகச் சாக வேண்டும்? இப்படி அறையில் ஒருவரைச் சந்திக்கும் காட்சியை 'என்கவுன்ட்டர்' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் தமிழில் நமக்குத் துப்பாக்கிச் சூடு நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்த விளையாட்டில் அச்சொல்லுக்கு எதிர்ப்படுதல் என்பதுதான் பொருள்.

"இது சண்டை விளையாட்டு, பிடிக்காதவர்கள் வேறு ஆடலாம்" என்கிறார்கள். சண்டை எனக்கும் பிடிக்கும். ஆனால் இவ்வகை விளையாட்டுகளில் புகழ்பெற்ற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981ஆம் ஆண்டு பேசிக் (தொடக்க நிலை) விதிநூலை எடுத்துப் பாருங்கள். எதிர்ப்பட்டவரின் மனநிலை முன்பே தீர்மானிக்கப்படாதபோது, இரண்டு ஆறுபக்கப் பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 2 வந்தால்தான் உடனடித் தாக்குதல், அதாவது 36இல் ஒரு வாய்ப்பு. 12 வந்தால் நட்பு. நடுவில் விழும் எண்களில் தயக்கம், சந்தேகம், பேரம் எல்லாம் இருக்கின்றன. எதிரியின் மன உறுதி குலைகிறதா என்று பார்க்கவும் தனியாக ஒரு பகடை வீச்சு உண்டு. பாத்திரம் வளர உதவும் அனுபவப் புள்ளிகளும் கொன்றதைவிடக் கொண்டுவந்த புதையலுக்கே பெரும்பாலும் கிடைத்தன. ஆகவே சண்டையைத் தவிர்ப்பது அன்றைய ஆட்டத்தில் கோழைத்தனமாக இருக்கவில்லை.

அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' சாகசத்தில், தாக்கப்படும் கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள், பக்கத்துக் குகையில் இருக்கும் ஓகர் என்ற பெரிய அரக்கனுக்கு 250 பொற்காசுகள் கொண்ட பையை எறிந்து உதவிக்கு அழைக்கின்றன. அந்த ஒரு குறிப்பு போதும், நடத்துபவருக்கு வழி திறந்துவிடும்: அந்த ஓகரை நாமே முந்திக்கொண்டு விலை பேச முடியாதா? இப்படியெல்லாம் எழுத நூலில் இடம் போதாது என்று பதிப்பாளருக்காகப் பரிந்து பேசுபவர்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல எதுவுமில்லை.

என்னோடு ஆடும் தோழி ஒருவர், ஐந்து மொழிகள் அறிந்த ஒரு தூதரைத் தன் பாத்திரமாக உருவாக்கினார். அதிகம் பேசாதவர், அந்தப் பாத்திரத்தின் வழியாகவாவது பேச விரும்பினார் என்று நினைக்கிறேன். ஆறாவது அமர்வின் முடிவில், "நான் பேசுவதற்கு இந்தக் கதையில் ஒருவர்கூட இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

நான் மாற்றி எழுதவில்லை என்று யார் சொன்னது? வேலை முடிந்து வந்து, நள்ளிரவு தாண்டி, முதல் இரண்டு அத்தியாயங்களில் பாதியைத் திருத்தியவன் நான். அந்த உழைப்பு என் தலையில் விழக்கூடாது என்பதற்காகத்தானே பணம் கொடுத்து அச்சிட்ட நூலை வாங்கினேன்? எழுதியவர் செய்யாத வேலைக்கு வாங்கியவனைத் திறமையற்றவன் என்பது எந்த வகையில் நியாயம்? இத்தனை ஆண்டுகளாக என் ஆட்டங்களைப் பற்றிப் படித்துவந்தவர்களே அந்த வரியை ஆமோதித்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நான்காம் அறையின் கூலிப்படைத் தலைவனை நேற்று மாற்றிவிட்டேன். அவனுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி, தம்பி கீழ்த்தளத்தில் சிறைப்பட்டிருக்கிறான், அவன் பேசும் மொழி தூதருக்கு மட்டுமே புரியும். தோழிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். வருவதாக இன்னும் பதில் இல்லை.